ராஜா தைத்த உடுப்பு

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஊரே நடுங்கிய காலத்தில், ஒரு தேசத்தில் ஒரு ராஜா இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காதில் விழுவதெல்லாம் தன் அரண்மனையிலும் நடந்தாக வேண்டும் அவருக்கு. யாரோ கடலைப் பற்றிச் சொன்னார்கள் என்று தெப்பக்குளத்தில் வண்டி வண்டியாக உப்பைக் கொட்டி, மீனையெல்லாம் மிதக்கவிட்டவர்.

ஒரு நாள் ராயப்பர் என்ற வேதக்காரச் சாமியார் சபைக்கு வந்து, உலகத்தின் முதல் மனிதர்கள் கதையைச் சொன்னார். சர்வேசுரன் மண்ணைப் பிசைந்து ஆதாமை உருவாக்கி, அவன் மூக்கில் மூச்சை ஊதினார். துணைக்கு ஏவாளைக் கொடுத்தார். இருவரையும் ஒரு தோட்டத்தில் வைத்து, ஒரே ஒரு மரத்தின் கனியை மட்டும் தின்ன வேண்டாம் என்றார். பாம்பின் பேச்சைக் கேட்டு அதைத்தான் அவர்கள் தின்றார்கள். தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். ராஜா வாயைத் திறந்தபடியே கேட்டார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவன் மடிக்க மறந்து நின்றான்.

கதை முடிந்ததும் ராஜா தொடையைத் தட்டினார். "என்னா அழகான யோசனை! நம்ம தோட்டத்துலயும் ஒரு மரத்தை விலக்கி வைங்கப்பா."

அரண்மனைத் தோட்டத்தின் நடுவில் பெரிய விளாமரம் ஒன்று இருந்தது. இதன் பழத்தைத் தின்பவர் தேசத்தின் எல்லையைத் தாண்டிப் போக வேண்டும் என்று அன்றைக்கே தண்டோரா போட்டார்கள்.

"மகாராஜா, சும்மா விட்டிருந்தா அந்த மரத்தை யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. இப்போ எனக்கே நாக்கு ஊறுது," என்றான் விகடகவி மூக்கையன்.

ராஜா சிரித்தார். சபையும் சிரித்தது. பிரதானி விருப்பாட்சி மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். மூக்கையன் திறந்தால் சிரிப்பார். பதினைந்து வருஷமாக அது அவர் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

"விகடகவிக்கே ஊறுகிறதென்றால் தோட்டக்காரனுக்கு ஊறாதா? அவனுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார் பிரதானி.

"சந்தியாகுவுக்கு நான் பொறுப்புங்க. ஒரு பழம் போச்சுன்னா அவனோட நானும் எல்லை தாண்டுறேன்."

சொல்லிய பிறகுதான் மூக்கையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிரதானி அதற்குள் சபையைப் பார்த்து, "எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா?" என்றார்.

பத்தாம் நாள் காலை, விளாமரத்தின் அடியில் உடைந்த ஓடு ஒன்று கிடந்தது. உள்ளே சுரண்டித் தின்ற தடம் தெளிவாக இருந்தது. தோட்டக்காரன் சந்தியாகுவையும் அவன் மனைவி ஞானப்பூவையும் காணோம். காவலர்கள் வாசல்களை அடைத்துக்கொண்டார்கள். இருவரும் தோட்டத்துக்குள்ளேதான் எங்கோ ஒளிந்திருந்தார்கள்.

மூக்கையன் ராஜாவின் முன்னால் போய் நின்றான். அன்றைக்கு அவனிடம் விகடம் இல்லை.

"மகாராஜா, அந்தப் பொண்ணு அஞ்சு மாசம் முழுகாம இருக்கு. வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலை, புளிப்பு கேட்டிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு நாள் நடைக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது."

ராஜாவின் முகம் கொஞ்சம் இளகியது. பிரதானி ஓரடி முன்னால் வந்தார். "மகாராஜா, ஒரு பழத்துக்காகத் தம் கையால் செய்த மனிதர்களையே சர்வேசுரன் துரத்தினார். தாங்கள் இரங்கினால், தெய்வத்தைவிடத் தாங்களே கருணையுள்ளவர் என்று சொல்லிக்கொண்டதாகும். அது அடுக்குமா?"

ராஜா மீசையை இழுத்துக்கொண்டு யோசித்தார். "அதுவும் சரிதான். அவர் எப்படிச் செஞ்சாரோ நானும் அப்படியே செய்றேன். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். இது என் வாக்கு. மூக்கையா, நீதானே பொறுப்பு? நாளைச் சாயங்காலம் நீயே முன்னால நின்னு நடத்து. கதையில ஒரு வரி பிசகுச்சுன்னா நீயும் அவங்களோட போற."

"பிசகாம நடந்தா?"

"நீ இங்கேயே இருக்கலாம். அவங்க போவாங்க."

மூக்கையன் நேராகச் சத்திரத்துக்குப் போனான். ராயப்பர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அந்தக் கதையை முதல்ல இருந்து சொல்லுங்க. ஒரு வரியை விடாதீங்க."

அவர் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். முடித்ததும் மறுபடி சொல்லச் சொன்னான். மூன்றாவது தரம் சொல்லும்போது ஓரிடத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இருங்க சாமி. தோலுல உடுப்பா? யாரு தைச்சது?"

"சர்வேசுரன்தான்பா. தோலை எடுத்து, உடுப்பு பண்ணி, அவரே உடுத்தியும் விட்டார்."

"எப்போ? தின்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. துரத்துறதுக்குச் சித்த முன்னாடி."

"துரத்தப் போறவங்களுக்கா தைச்சாரு?"

"ஆமா. வெளியில குளிருமே."

மூக்கையன் யோசித்தான். நட்சத்திரத்தையெல்லாம் வாயால் சொல்லியே உண்டாக்கியவர். உடுப்பு உண்டாகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆகியிருக்கும். அதை விட்டுவிட்டு, தன் பேச்சை மீறியவர்களுக்காகத் தரையில் உட்கார்ந்து, கோபம் இன்னும் ஆறாத கையால்... அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் ராஜாக்களை மட்டுமே அண்ணாந்து பார்த்தவன், சத்திரத்தின் ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நீங்களும் வாங்க சாமி. புத்தகத்தோட," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வெயில் தாழ்ந்து காற்று வீசத் தொடங்கியதும் எல்லோரும் தோட்டத்து வாசலில் கூடினார்கள். காவலர்கள் உள்ளே பாயப் போனார்கள்.

"நில்லுங்க!" என்றான் மூக்கையன். "கதையில சிப்பாயே கிடையாது. அவர் தனியா நடந்து போனார். குடை இல்லை, கட்டியம் இல்லை. போய்க் கூப்பிட்டார்."

ராஜா முனகிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். பத்தடி போய்த் திரும்பினார். "என்னன்னு கூப்பிடுறது?"

"பேரைச் சொல்லி, மகாராஜா."

ராஜாவுக்குத் தோட்டக்காரனின் பேர் தெரியவில்லை. அவன் நட்ட பூவைத் தினமும் சூடியவர். அன்று சபையில் மூக்கையன் அந்தப் பேரைச் சொல்லியும் காதில் வாங்காதவர். மூக்கையன் சொல்லிக் கொடுத்தான்.

"சந்தியாகு! எங்கடா இருக்க?"

பதில் இல்லை.

"சந்தியாகு, எங்க இருக்க?"

கிளி ஒன்று பறந்தது. மூன்றாம் தரம் கூப்பிடும்போது ராஜாவின் குரலில் அதிகாரம் இல்லை. தொலைந்துபோனவரைத் தேடுகிற குரலாக இருந்தது. "சந்தியாகு... எங்கப்பா இருக்க?"

வாழைகள் அசைந்தன. இருவரும் கைகூப்பியபடி வெளியே வந்தார்கள்.

"மகாராஜா சத்தம் கேட்டுச்சுங்க. பயமா இருந்துச்சு, ஒளிஞ்சுக்கிட்டோம்," என்றான் சந்தியாகு.

ராயப்பர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உலகத்தின் முதல் மனிதன் சொன்ன பதிலும் அதேதான். இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பழத்தைத் தின்னியா?" என்று ராஜா கேட்டார்.

"நான்தாங்க தின்னேன். அவ தொடவே இல்லை."

"பொய் சொல்றாருங்க!" என்று ஞானப்பூ முன்னால் வந்தாள். "நான்தான் தின்னேன். அவரு மோந்துகூடப் பார்க்கலை. ஏங்க, இந்த நேரத்துல எதுக்குங்க பொய்யி?"

"நீ சும்மா இருடி."

பிரதானி துள்ளினார். "கதை பிசகிவிட்டது! கதையில் ஆதாம் மனைவியின் மீதல்லவா பழியைப் போட்டான்? விகடகவியும் வெளியேற வேண்டும்!"

"ஐயா, மகாராஜா சொன்னது சர்வேசுரன் செஞ்சது மாதிரி தான் செய்றேன்னு. ஆதாமை மாதிரி இவன் செய்யணும்னு யாரும் சொல்லலையே. ஆதாமைவிட இவன் நல்லவனா இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண?"

ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி, உனக்கு யாரும்மா தின்னச் சொன்னது?" என்று மெல்லக் கேட்டார்.

ஞானப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிரதானி ஐயாதாங்க. தானா விழுந்த பழம் மரத்துப் பழம் இல்லை, அதுக்குக் கட்டளை கிடையாது, எடுத்துக்கன்னு சொன்னாங்க. எனக்கு வாயெல்லாம் கசப்புங்க. எடுத்துட்டேன்."

"இது அநியாயம்!" என்று கத்தினார் பிரதானி. "என்னை விசாரிக்கவே இல்லையே!"

மூக்கையன் கும்பிட்டான். "கதையில பாம்பை விசாரிக்கவே இல்லைங்க ஐயா. வேணும்னா சாமியாரைக் கேளுங்க."

"விழுந்த பழம்தான் என்று சொன்னேன்! பறிக்கவா சொன்னேன்?" என்ற பிரதானி, சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தார்.

ராஜாவின் மீசை துடித்தது. "மூக்கையா, பாம்புக்கு என்ன தண்டனை?"

"வயித்தால ஊரணும், மண்ணைத் தின்னணும். ஊர்ந்தா மண்ணு தானா வாய்க்குள்ள போயிரும். அதுக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை."

பட்டு அங்கவஸ்திரத்தோடு பிரதானி குப்புறப் படுத்தார். வரப்போரமாக அவர் ஊரத் தொடங்கியதும் காவலர்கள் ஈட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

ராஜா பெருமூச்சு விட்டார். "சரி, இவங்களைக் கிழக்கு வாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கி இருக்கு, மகாராஜா." மூக்கையன் ஒரு மூட்டையை அவிழ்த்தான். பதமான ஆட்டுத்தோல் நான்கு, குதிரைச் சேணம் தைக்கிற ஊசி, மெழுகு தடவிய நூல். "இதைத் தாங்களே தைக்கணும்."

"நானா? விளையாடுறியா? தையக்காரனைக் கூப்பிடு!"

"அவருக்கும் ஆயிரம் தேவதூதர்கள் இருந்தாங்க மகாராஜா. ஒருத்தரையும் கூப்பிடலை."

ராஜா சாமியாரைப் பார்த்தார். சாமியார் ஆமாம் என்று தலையசைத்தார். ராஜா கிரீடத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, விளாமரத்தின் அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

ஊசியில் நூல் கோக்கவே அரை நாழிகை ஆயிற்று. முதல் குத்து விரலில். இரண்டாவதும் விரலில். சந்தியாகுவின் தோளை நூலால் அளந்தபோது, அங்கே கிணற்றில் கவலை இறைத்து ஏறிய காய்ப்பு இருப்பதை அவர் விரல் கண்டது. ஞானப்பூவின் அளவை அவளே நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அதைத் தோலில் வைத்துப் பார்த்த ராஜா நிமிர்ந்தார்.

"அஞ்சு மாசம்னா இன்னும் பெருசாகுமே? கொஞ்சம் தளத்தி விடட்டுமா தாயி?"

"விடுங்க மகாராஜா," என்றாள் அவள்.

தோட்டத்தில் ஊசி தோலுக்குள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ சபைகளைப் பார்த்தவன் மூக்கையன். இப்படி ஓர் அமைதியை அவன் பார்த்ததில்லை. தலையில் ஒன்றுமில்லாமல், நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு தோட்டக்காரிக்காகத் தையல் போடும் அந்த மனிதர் முதல் முறையாக அவனுக்கு ராஜாவாகத் தெரிந்தார்.

ராஜா தலையைத் தூக்காமலே கேட்டார். "மூக்கையா, இதைத் தைக்கும்போது அவர் என்ன நினைச்சிருப்பாரு?"

"தெரியலை மகாராஜா," என்றான்.

கோணல் மாணலாக இரண்டு உடுப்புகள் முடிந்தன. ராஜா தம் கையாலேயே சந்தியாகுவுக்கு மாட்டிவிட்டார். ஞானப்பூவின் தோளில் போர்த்தினார். பிறகு, "எனக்கு இவங்களை அனுப்ப மனசு வரலையே," என்றார்.

"வாக்கு, மகாராஜா!" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. பிரதானி அதற்குள் கிழக்கு வாசல் வரை ஊர்ந்து வந்திருந்தார். வாயெல்லாம் மண். "கூட்டாமல் குறைக்காமல் என்று தாங்கள்தான் சொன்னீர்கள்."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். வாசல் திறந்தது. சந்தியாகு ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே காலை வைத்தான். புழுதிப் பாதை கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறுமையாகக் கிடந்தது.

"சாமி, கடைசி வரியையும் சொல்லிருங்க," என்றான் மூக்கையன். "வெளியே அனுப்பினார். சரி. என்ன வேலை செய்ய அனுப்பினார்?"

ராயப்பர் பக்கத்தைப் புரட்டினார். "எந்த மண்ணுலருந்து அவனை எடுத்தாரோ, அந்த மண்ணையே கொத்திப் பயிர் பண்ண அனுப்பினார்."

"சந்தியாகு! நீ எந்த மண்ணுப்பா? எங்க பொறந்த?"

வாசலுக்கு வெளியிலிருந்து சந்தியாகு திரும்பிப் பார்த்தான். "இங்கதாங்க. எங்கப்பாரும் இங்கதான் தோட்டவேலை. அந்தக் கிணத்தடிக் குடிசையிலதான் என்னைப் பெத்தாங்க."

மூக்கையன் ராஜாவின் பக்கம் திரும்பினான். "வெளியே அனுப்பியாச்சு மகாராஜா. இனி இவன் எடுக்கப்பட்ட மண்ணுக்கு இவனை அனுப்பி வைக்கணும். கதையில அப்படித்தான் இருக்கு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

ராஜாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வாங்கடா உள்ளே!" என்று கத்தியபடி, தாமே ஓடிப்போய் இருவரையும் அழைத்து வந்தார். விளாமரத்தின் விலக்கு அந்த இடத்திலேயே நீங்கியது. குழந்தை பிறக்கும்வரை அந்த மரத்தடியில் விழும் பழங்களைப் பொறுக்கி ஞானப்பூவிடம் சேர்ப்பது பிரதானியின் வேலை என்றும் கட்டளை ஆயிற்று.

"உனக்கு என்னடா வேணும்?" என்று மூக்கையனைக் கேட்ட ராஜா, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மிஞ்சிய தோலை எடுத்துக்கொண்டு மறுபடி மரத்தடியில் உட்கார்ந்தார். மூக்கையனின் தலையை நூலால் அளந்தார். நன்றாக இருட்டுவதற்குள் ஒரு தொப்பி தைத்துவிட்டார். அது ஒரு காதை மூடியது, மறு காதை மூடவில்லை. அதன் உச்சியில் தம் மோதிரத்துப் பச்சைக்கல்லைப் பதித்து, ராஜா தம் கையாலேயே அவனுக்குச் சூட்டினார்.

மூக்கையன் தொப்பியைத் தடவிப் பார்த்தான். கிழக்கு வாசலை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ராஜாவின் காலில் விழுந்தான்.

"மகாராஜா, தோலுல தைச்சுக் கொடுத்தா அடுத்தது வெளியே அனுப்புறதுதானே வழக்கம்? நான் மூட்டை கட்டட்டுங்களா?"

ராஜா சிரித்த சிரிப்பில் விளாமரத்துக் கிளிகள் மொத்தமும் பறந்தன. குத்துப்பட்ட விரல்களால் அவர் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டார். அதோடு அந்தச் சபை கலைந்தது.