பீடத்தில் வாசித்த சீட்டு

மடத்துக் கணினியைப் பார்த்துக்கொண்ட மாசிலாமணி ஒரே பிடியாக இருந்தான். மடத்தின் இணையப் பக்கத்தில் இனி ஒரு கோணக் குறியும் நுழையக் கூடாது.

காரணம் இருந்தது. அன்பர்கள் அந்தப் பக்கத்தில் கேள்வி எழுதுவார்கள்; அது சபையின் பெரிய திரையில் தெரியும்; அடிகள் சொல்லும் பதில் திரையிலும் பக்கத்திலும் வரும். முந்தின நாள் எவனோ ஒரு குறும்பன் கேள்விக்குப் பதிலாக, கோணக் குறிகளுக்குள் கணினிக் கட்டளை ஒன்றை எழுதி அனுப்பினான். பக்கம் அதை அப்படியே நிறைவேற்றியது. சபையில் குத்துப்பாட்டு ஓடியது. சிலர் தாளம் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து < > போன்ற குறி இருந்தால் பக்கம் கேள்வியையே திருப்பி அனுப்பியது.

மாலையில் ஒரு போன் வந்தது. பேசியவள் செண்பகவடிவு என்ற அன்பரின் மகள்.

"தம்பி, அம்மா விரதத்துல கிடக்கா. சர்க்கரை எழுபதுக்குக் கீழ போனா ஆபத்துன்னு டாக்டர் எழுதியிருக்கார். விரதத்தை விடலாமான்னு, 'கீழே'ங்கிறதுக்கு அவர் போட்ட குறியோடயே கேட்டேன். உங்க பக்கம் வாங்க மாட்டேங்குது."

"குறியை எடுத்துட்டு அனுப்புங்கக்கா."

"எடுத்தா வெறும் எழுபதுல்ல ஆயிடும்! டாக்டர் எழுதினதை நான் திருத்தவா?"

சபை கூடியிருந்தது. மாசிலாமணி அடிகளிடம் ஓடினான்.

"சாப்பிடச் சொன்னாயா?" என்றார் அடிகள்.

"சொன்னேன் சாமி. உங்கள் வாக்கைத் திரையில் பார்த்தால்தான் அந்த அம்மா வாயில் வைப்பாராம்."

"அப்படியானால் குறியை உள்ளே விடு."

"விட்டால் குறும்பனும் வருவான். விட மாட்டேன் சாமி."

அடிகள் இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"பீடத்தில் ஏறி இதை வாசி."

அந்த மடத்தில் பீடத்திலிருந்து வருவது உத்தரவு. ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

"எல்லோரும் எழுந்து வெளியே போங்கள்," என்று மாசிலாமணி வாசித்தான்.

போனார்கள். தவில்காரர் தவிலோடு போனார்.

"அவர்களை வெளியே அனுப்பியது யார்?" என்றார் அடிகள்.

"சீட்டுதான், சாமி."

"அது காலையிலிருந்து என் இடுப்பில் இருந்தது. நான் எழுந்து போகவில்லையே?"

மாசிலாமணி வெளியே போய் எல்லோரையும் அழைத்து வந்தான். மறுபடி பீடத்தில் ஏறினான்.

"ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: எல்லோரும் எழுந்து வெளியே போங்கள்."

யாரும் அசையவில்லை. தவில்காரர் மட்டும், "எவன்யா அவன்?" என்றார்.

மாசிலாமணி கணினிக்கு விரைந்தான். தடையை எடுத்தான். எது வந்தாலும் எழுத்தாகவே காட்டு, கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே என்று பக்கத்தை மாற்றி அமைத்தான். குறும்பனின் வரியைத் தானே அனுப்பிப் பார்த்தான். திரையில் அது வெறும் வரியாகக் கிடந்தது. பாட்டு வரவில்லை.

அடுத்து, மகளை மறுபடி அனுப்பச் சொன்னான். செண்பகவடிவின் கேள்வி குறியோடு வந்து நின்றது: "சர்க்கரை <70 ஆனால் ஆபத்தாம். விரதத்தை விடலாமா?"

"இனி எந்தக் குறிக்கும் பயமில்லை, சாமி!"

"உடனே சாப்பிடச் சொல்லித் திரையில் போடு," என்றார் அடிகள். "பயந்தது நீ. பட்டினி கிடந்தது அவள்."