இடப்பக்கம் சுற்றும் எஞ்சின்

"அம்மா, அந்த அம்பலவாணனோட ஒரே மடத்துல என்னால இருக்க முடியாது," என்றார் கருத்திருமன்.

"என்ன செஞ்சார்?"

"நான் எது சொன்னாலும் அதுக்கு நேர்மாறா சொல்றார். ஜன்னலைத் திறந்தா சாத்துறார். கஞ்சியில உப்புப் போட்டா தண்ணி ஊத்துறார். ஒண்ணு அவர் போகணும், இல்ல நான் போகணும்."

உலகாம்பிகை அந்தக் கழிமுகத்து மடத்தின் தலைவி. கருத்திருமனைவிட வயதில் சிறியவர். கருத்திருமன் லாரிப் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவர். கோபத்தையும் அங்கேயே விட்டு வந்திருக்கலாம், மறந்துவிட்டார்.

உலகாம்பிகை அவரைப் படகுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஒரு சாக்கை விலக்கினார். அடியில் துருப்பிடித்த பழைய எஞ்சின் ஒன்று கிடந்தது.

"மடத்துப் படகுல இருந்தது. பேர்த்தகடு இல்ல, நம்பர் இல்ல. இது என்னன்னு சொல்லுங்க. சொன்ன அன்னிக்கே அவரை அனுப்பிடுறேன்."

கருத்திருமனுக்கு வாயெல்லாம் பல். எஞ்சின் என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அன்றிலிருந்து அவர் கொட்டகையே கதி என்று கிடந்தார். சுரண்டினார், துடைத்தார், அளந்தார். மண்ணெண்ணெய் வாசத்தோடு பிரார்த்தனைக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு வால்வுகளை நினைத்தார்.

ஒருநாள் உலகாம்பிகையிடம் வந்து நின்றார்.

"நட்டெல்லாம் இஞ்சு அளவும்மா. வெளிநாட்டுச் சரக்கு. ஆனா எவனோ தப்பா மாட்டித் தொலைச்சிருக்கான். எஞ்சின்னா வலப்பக்கம் சுத்தணும். இது இடப்பக்கம் சுத்துது."

"எந்தப் பாகத்துல தப்பு?"

"அதுதாம்மா பிடிபடல. பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒழுங்கா இருக்கு. ஸ்டார்ட் பண்ற கைப்பிடி மாட்டுற பல்லைக்கூட இடப்பக்கம் சுத்துறதுக்குன்னே வெட்டியிருக்கான். தப்பு பண்றவன் இவ்வளவு பொறுமையாவா பண்ணுவான்?"

உலகாம்பிகை அவரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். அங்கே அந்த எஞ்சின் இருந்த பழைய படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்புறத்தைக் கையால் காட்டினார்.

கருத்திருமன் குனிந்து பார்த்தார். படகின் விசிறியைச் சுற்றும் சுழல்தண்டு வெளியே வரும் துளை இடப்பக்கம் ஒன்று இருந்தது. வலப்பக்கமும் ஒன்று இருந்தது.

"ரெண்டு எஞ்சினா!"

"ரெண்டும் வலப்பக்கமே சுத்தினா?"

"படகு ஒரே பக்கமா இழுத்துக்கிட்டு..."

கருத்திருமன் பாதியில் நிறுத்தினார். அடுத்த நொடி பெரிதாகச் சிரித்தார். எத்தனையோ வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"அம்மா! இது தப்பா மாட்டினது இல்ல. ஜோடி எஞ்சின்! ஒண்ணு வலது, இது இடது. ரெண்டும் எதிரெதிரா சுத்தினாத்தான் படகு நேரா போகும்!"

"கண்டுபிடிச்சிட்டீங்க," என்றார் உலகாம்பிகை. "நான் சொன்ன சொல் மாற மாட்டேன். அம்பலவாணனை இன்னிக்கே அனுப்பிடட்டுமா?"

கருத்திருமன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அவசரப்படாதீங்கம்மா," என்றார். "இது என்ன எஞ்சின்னு எனக்கு இன்னும் தெரியல."