சுறாவின் காற்றுப்பை மேலே போன கதை

மீன்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், முள் இல்லாத மீன் என்று கடலில் ஒன்று கிடையாது. காற்றுப்பை இல்லாத மீனும் கிடையாது. வயிற்றுக்குள்ளே ஊதின பை மாதிரி அது இருக்கும். அது இருந்தால் துடுப்பை அசைக்காமலே நடுத்தண்ணீரில் நிற்கலாம், தூங்கலாம், பக்கத்தில் இருப்பவளோடு பொழுது போவது தெரியாமல் பேசலாம். சுறாவும் அப்படி நிற்கிறவள்தான். தூக்கம் மட்டும் அவளுக்கு வராது.

எல்லாம் முட்டையால் வந்தது. மற்ற மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். சுறாவுக்கு அந்த மனசு வரவில்லை. அவள் போடுவதே கொஞ்சம். அதைப் பாசிக்குள் செருகி வைத்துவிட்டு அங்கேயே காவல் நிற்பாள். பசி பொறுக்காமல் ஒரு வாய் இரை எடுக்கப் போய் வருவதற்குள், விலாங்கு வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டுப் போயிருக்கும். வெறும் தோல் மட்டும் பாசியில் ஒட்டிக்கொண்டு ஆடும். ஒவ்வொரு தடவையும் இதேதான்.

கூட்டமாகவே திரிகிற சாளை மீனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு.

“ஏட்டி, உலகத்துல நீ ஒருத்திதான் முட்டை போட்டியா? என்னைப் பாரு. அள்ளி வீசிட்டுப் போயிட்டே இருக்கேன். எது பிழைக்குதோ அது எம்பிள்ளை.”

“அப்ப செத்தது யாரு பிள்ளை மைனி?” என்று சுறா கேட்டாள்.

சாளை வாலைத் திருப்பினாள். “உன்கூடப் பேசுனா எனக்கும் கிறுக்குப் பிடிச்சிரும்” என்று கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள்.

அடுத்த முட்டைகள் சுறாவின் வயிற்றில் கனத்து வந்தன. இங்கே போடுவோமா, அங்கே போடுவோமா என்று பாசிக்கும் பாறைக்கும் அலைந்தாள். எந்தப் பொந்தைப் பார்த்தாலும் உள்ளே விலாங்கின் கண் தெரிவது போலவே இருந்தது. கடைசியில் பாறை இடுக்கில் இருந்த நண்டிடம் போனாள். அந்த வட்டாரத்தில் வெட்டவும் நறுக்கவும் தெரிந்தவள் நண்டு ஒருத்திதான். செவுளில் தூண்டில் முள் சிக்கினாலும், வாலில் புண் வந்தாலும் எல்லாரும் அவளிடம்தான் போவார்கள்.

“அக்கா, இந்தத் தடவை நான் முட்டையை வெளியே விடமாட்டேன். பிள்ளை உருவாகி வாலாட்டுற வரைக்கும் உள்ளேயே வச்சுக்கிடணும். வழி சொல்லு.”

நண்டு கொடுக்கால் அவள் வயிற்றை மெல்லத் தட்டிப் பார்த்தாள்.

“உள்ளே எங்கடி இடம்? ஒரு பக்கம் முள்ளு, ஒரு பக்கம் காத்துப்பை. பிள்ளை வளந்து புரண்டா முள்ளு குத்தியே செத்துப்போகும்.”

“அந்த முள்ளை என்னவாச்சும் செய்யேன்.”

“செய்யலாம். முள்ளுல இருக்கிற கெட்டியை உருவி எடுத்துட்டா வளையுற மாதிரி ஆயிரும். எடுத்த கெட்டியை நான் வச்சுக்கிடுவேன், என் ஓட்டுக்கு ஆகும். சரியா?”

“எடுத்துக்கோ, எடுத்துக்கோ.”

“அவசரப்படாதே. காத்துப்பையையும் வெளியே எடுக்கணும். அது இல்லாம நீ நிக்க முடியாது. நின்னா கல்லு மாதிரி கீழே போயிருவே. அடியில எல்லாம் சேறு, செவுளு அடைச்சுக்கிடும். பிள்ளை பிறக்குற வரைக்கும் நீந்திக்கிட்டே இருக்கணும். பிறந்ததும் வா, பையைத் திரும்ப வச்சுத் தாரேன்.”

“அதுவரைக்கும் நீந்திருவேன்க்கா.”

நண்டு முதலில் முள்ளைப் பதமாக்கினாள். பிறகு வயிற்றைக் கீறி, காற்றுப்பையை அறுத்து எடுத்தாள். எடுத்தவள் அதைத் தன் பக்கத்தில் பாறைத் திட்டின்மேல் வைத்தாள். காலமெல்லாம் தரையில் நடந்தே பழகினவள். தன்னிடம் இல்லாத சாமான் அது. கீழே வைத்தது கீழேதான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். வைத்த கொடுக்கை எடுத்ததும் பை விருட்டென்று மேலே கிளம்பியது.

“ஐயோ, போகுதே! நான் என்ன செய்வேன்! ஏட்டி, ஓடிப்போய்ப் பிடி!”

சுறா பார்த்தாள். எட்டிப் பாய்ந்தால் பிடித்துவிடலாம், அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் வயிறு இன்னும் திறந்து கிடந்தது. ஒரு தரம் வாலை வீசினாலும் முட்டை அத்தனையும் தண்ணீரில் கொட்டிவிடும். சாளைக் கூட்டம் மேலிருந்து “பிடிடி, பிடிடி” என்று கத்தியது.

சுறா அசையவில்லை.

பை வெளிச்சத்துக்குள் போய்ச் சின்னதாகத் தெரிந்து, மேல்தண்ணீரில் ‘டப்’ என்று வெடித்தது.

“மூடுக்கா” என்றாள் சுறா. “சீக்கிரம் மூடு, கீழே போறேன்.”

நண்டு அழுதுகொண்டே வயிற்றைச் சேர்த்து ஒட்டினாள். ஒட்டி முடித்த நொடியில் சுறா நீந்த ஆரம்பித்தாள். பொழுது விடிந்தாலும் நீந்தினாள், அடைந்தாலும் நீந்தினாள். சாப்பிட்டதும் நீந்தியபடி, கண் அசந்ததும் நீந்தியபடி.

இதைப் பார்த்து அவள் தங்கச்சி திருக்கைக்கும் ஆசை வந்தது. அவளும் போய் அதே மாதிரி செய்துகொண்டாள். ஆனால் ஒரு சுற்று நீந்துவதற்குள் களைத்துப்போய், “எனக்கு இந்த ஓட்டம் ஆகாது தாயே” என்று சேற்று மணலில் தொப்பென்று விழுந்து தட்டையாகப் பரந்துவிட்டாள். சேறு ஏறாமல் மூச்சுத் துளையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டாள். இன்னும் அப்படித்தான் படுத்துக் கிடக்கிறாள்.

சுறாவுக்குப் பிள்ளைகள் பிறந்தன. முட்டையாக இல்லை, கண்ணும் பல்லும் வாலுமாக, முழுசாக. விலாங்கு பொந்துக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

சுறாவுக்கு நின்று அதுகளின் முகத்தைப் பார்க்க ஆசை. நின்றாள். உடனே உடம்பு கீழே இறங்கியது. பதறி வாலை அடித்து முன்னே போய்விட்டாள். பிள்ளைகள் பின்னால் தங்கிவிட்டன. வளைந்து திரும்பி வந்தாள். வந்த வேகத்தில் ஒரு முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. இன்னொரு முகத்துக்காக மறுபடியும் வளைந்து வந்தாள்.

அன்று முதல்தான் சுறா முள்ளில்லாத உடம்போடு, குட்டியை வயிற்றிலேயே சுமந்து பெற்று, நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறது; படகில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, பாவி, பசியில் வட்டம் போடுகிறது என்கிறார்கள்.