தேர்ப்பாறைக்கு ஒரு சிலிண்டர் காற்று

“மாஸ்டர், எனக்கு மட்டும் ஏன் காத்து பத்த மாட்டேங்குது?”

படகில் ஏறியதும் ஏறாததுமாக அம்பலவாணன் கேட்டார்.

அந்தமானில் ஒரு சின்னத் தீவு. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பவளப்பாறை நீண்டு கிடந்தது. ஆழம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அடியில் ஒரு தென்னையை நட்டு வைத்தால் ஓலை வெளியே ஆடும்.

பாறையின் அந்தக் கோடியில்தான் தேர்ப்பாறை இருந்தது. ஒற்றைப் பவளம், அடுக்கடுக்காகத் தேர் போல எழுந்து நிற்கும், அதைச் சுற்றி மீன்கள் கூட்டங்கூட்டமாக வலம் வரும் என்றார்கள். பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் படகில் ஏறிய பிறகும் பேச்சு நிற்காது.

அம்பலவாணன் அந்தப் பேச்சை மட்டும்தான் கேட்டிருந்தார்.

முக்குளித்துப் போனால், பாதி வழியிலேயே அவர் முதுகில் கட்டிய சிலிண்டரில் காற்று தீர்ந்துவிடும். மேலே வந்து, படகில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மற்றவர்கள் வரக் காத்திருப்பார். நேற்று இன்னும் மோசம். அவருக்காக மொத்தக் கூட்டமும் நடுவில் திரும்ப வேண்டியதாயிற்று. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மாயவரத்துக்காரர். ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகளை ஒருநாளும் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.

நாளைக்கு அவருக்கு ஊர் திரும்பக் கப்பல்.

மாஸ்டரின் பெயர் நிலோஃபர். போர்ட் பிளேரில் பிறந்தவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. கடலுக்குள் கூட்டிப் போகிறவள் என்பதால் வயது வித்தியாசம் பாராமல் எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அம்பலவாணன் தான் செய்து பார்த்ததையெல்லாம் அவளிடம் சொன்னார். விடியற்காலையில் மணலில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்கிறாராம். நீருக்குள் மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிறாராம். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று மீட்டரைப் பார்த்துக்கொள்கிறாராம்.

“பாக்கப் பாக்க முள்ளு இறங்குது மாஸ்டர். அதைப் பாத்ததும் நெஞ்சு அடைக்குது. இன்னும் நாலு மூச்சு சேத்து இழுக்குறேன்.”

நிலோஃபர் கிட்டே வந்தாள். அவர் மார்பில் தொங்கிய மீட்டரை எடுத்து, முதுகுப் பக்கமாகச் சிலிண்டரோடு சேர்த்து மாட்டினாள்.

“இத நான் பாத்துக்கிறேன்.”

பிறகு படகின் முனையைக் காட்டினாள். அங்கே ஒரு பெண் துடுப்புக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். பார்கவி, மதுரைக்காரி. முந்தின நாள்தான் பயிற்சியை முடித்தவள். பிறவியிலேயே காது கேட்காது, கைகளால்தான் பேசுவாள். நிலோஃபருக்கு அது புரியும்.

“இன்னைக்கு நீங்க அவங்க ஜோடி.”

“எனக்குக் கைப் பாஷை தெரியாதே மாஸ்டர்.”

“தண்ணிக்குள்ள யாருக்குத்தான் வேற பாஷை இருக்கு?”

இறங்கினார்கள். நிலோஃபர் பின்னால் வந்தாள்.

இறங்கிய கணத்திலிருந்தே பார்கவி பேசத் தொடங்கிவிட்டாள்.

கிளிமீன் ஒன்று பவளத்தைக் கொறித்தது. பார்கவி விரல்களை அலகாகக் குவித்துத் தன் முழங்கையையே கொறித்துக் காட்டினாள். நண்டு ஓடியது. பத்து விரலும் பக்கவாட்டில் ஓடின. அம்பலவாணன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, சரி, சரி என்றார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவள் விடவில்லை. மணலில் கிடந்த ஒரு கடல் அட்டையைக் காட்டி, அவரையும் காட்டினாள். நீங்கள் சொல்லுங்கள்.

நீளமாக, கறுப்பாக, அவசரமே இல்லாமல் கிடந்தது அது. அவர் யோசித்தார். முழங்கைகளை மடக்கிச் சக்கரம் போல மெல்லச் சுற்றினார். நின்றார். சிக்னலுக்காக அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் சுற்றினார்.

கூட்ஸ் வண்டி.

பார்கவிக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயிலிருந்து குமிழிகள் கொத்தாக வெடித்து மேலே போயின.

அதன் பிறகு அவராலும் நிறுத்த முடியவில்லை. ஊசிமுள் மீனுக்கு ஒரு சைகை கண்டுபிடித்தார். திறந்து மூடும் பெரிய சிப்பிக்குப் பல் செட்டைக் கழற்றி மாட்டுவது போலக் காட்டினார். அவள் ஒரு பக்கம் இழுத்தாள், அவர் ஒரு பக்கம் இழுத்தார்.

அப்போதுதான் ஆமை வந்தது.

தலைக்கு மேலே, அத்தனை பெரிய ஆமை. அவளிடம் காட்ட வேண்டுமென்று அம்பலவாணன் சடாரென்று திரும்பினார். அவருடைய கால் துடுப்பு அவள் முகத்தில் பட்டது. கண்ணையும் மூக்கையும் மூடியிருந்த முகக் கண்ணாடி கழன்று போயிற்று.

அவளுக்குக் காது ஏற்கெனவே இல்லை. இப்போது கண்ணும் இல்லை. வெறும் நீலக் கலங்கல். கைகளை வீசித் துழாவினாள். குமிழிகள் நிற்காமல் பறந்தன. மேலே பாய உடம்பு திமிறியது.

அம்பலவாணன் அவள் கையைப் பற்றினார். உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. வேறு எப்படிச் சொல்வது?

மூச்சை இழுத்தார். அவள் கைக்குக் கீழே நெஞ்சு உயர்ந்தது. விட்டார். தாழ்ந்தது. அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று இன்னும் நிதானமாக இழுத்தார், நிதானமாக விட்டார்.

நிலோஃபர் கை எட்டும் தூரத்தில் வந்து நின்றாள். தொடவில்லை.

பார்கவியின் திமிறல் அடங்கியது. அவள் குமிழிகள் அவர் குமிழிகளோடு சேர்ந்து எழுந்தன, சேர்ந்து நின்றன. அந்தக் கையை விடாமலே இருவரும் மெல்ல மணலுக்கு இறங்கினார்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து அவள் விரல்களுக்குள் வைத்தார். அவள் மாட்டிக்கொண்டு, மூக்கால் ஊதி, உள்ளே நின்ற தண்ணீரை வெளியேற்றினாள்.

கண்களைத் திறந்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்க இரண்டு கைகளையும் கூப்பினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஆமை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

துரத்தினார்கள். ஆமை ஒரு மேட்டைத் தாண்டியது. அவர்களும் தாண்டினார்கள். அங்கே எதிரே வெளிச்சத்தில் ஏதோ ஒன்று கோபுரமாக எழுந்து நின்றது. அடுக்கடுக்காக, ஊதாவும் மஞ்சளுமாக. அதைச் சுற்றி வெள்ளிச் சுவர் போலச் சீலா மீன்கள் சுழன்றுகொண்டிருந்தன.

அது தேர்ப்பாறை என்று அம்பலவாணனுக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று.

பார்கவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தச் சுழலுக்குள் புகுந்தாள். மீன்கள் விலகி, வழிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டன. நடுவில் இருவரும் மெல்லச் சுற்றினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளி. அம்பலவாணனின் கைகள் என்னென்னவோ சொல்லின.

நிலோஃபர் வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் எட்டி மீட்டரைப் பார்த்தாள். சரி என்று விரல்களை வட்டமாகக் காட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போனாள்.

எல்லாரோடும் சேர்ந்துதான் அவரும் மேலே வந்தார்.

ஏணியைப் பிடித்தபடி பார்கவி தலையை உதறினாள். பிறகு நிலோஃபரைப் பார்த்துக் கையால் வேகவேகமாக ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். நிலோஃபர் சிரித்தாள்.

“என்ன சொல்றாங்க மாஸ்டர்?”

“நீங்க வீட்டுலயும் இப்படித்தான் ஓயாம பேசுவீங்களான்னு கேக்குறாங்க.”