எழுபது சென்ட் நிழல்

சூசைமாணிக்கம் நிலவுக்கு வரைபடம் போட வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயர். வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை என்று ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அளந்தவர். விண்வெளி ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அங்கே அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மங்கையர்க்கரசி. சூசைமாணிக்கத்தைவிடப் பதினான்கு வயது இளையவர். சூசைமாணிக்கம் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. முதல் நாளே நோட்டும் பென்சிலுமாக எதிரில் போய் உட்கார்ந்தார்.

வேலை இதுதான். நிலவைச் சுற்றுகிற விண்கலம் ஒரே இடத்தை இரண்டு கோணங்களிலிருந்து படம் பிடிக்கும். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் மேடும் பள்ளமும் சற்றே இடம் மாறித் தெரியும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் உயரம் கிடைத்துவிடும்.

சூசைமாணிக்கத்துக்கு இது பிடிபடவே இல்லை.

"மேடம், சர்வேயில ரெண்டு தடவை அளந்து ரெண்டு கணக்கு வந்தா, ஒண்ணு தப்புன்னு அர்த்தம். இங்க ரெண்டும் வேற வேறயா இருக்கணும்கிறீங்க. ரெண்டும் ஒத்துப்போனாத்தான உண்மை?"

மங்கையர்க்கரசி அலமாரியிலிருந்து ஒரு பழைய ஸ்டீரியோஸ்கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான்கு கால்களின் மேல் இரண்டு கண்ணாடிகள் பதித்த கருவி. இடக்கண் ஒரு படத்தைப் பார்க்கும், வலக்கண் இன்னொன்றைப் பார்க்கும். கீழே இரண்டு படங்களைச் செருகினார்.

"பாருங்க."

சூசைமாணிக்கம் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு படமும் ஒத்துப்போகுதா?"

"அச்சு அசலா ஒத்துப்போகுது மேடம்."

"நடுவுல ஒரு குன்று இருக்கே, எவ்வளவு உயரம் இருக்கும்?"

அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உயரமே தெரியலையே. தரையில கோலம் போட்ட மாதிரித் தட்டையாக் கிடக்கு."

"ஒரே படத்தைத்தான் ரெண்டு பிரதி எடுத்து வச்சேன்."

சொல்லிக்கொண்டே ஒரு படத்தை உருவிவிட்டு, வேறு கோணத்தில் எடுத்ததை அங்கே வைத்தார். சூசைமாணிக்கம் திரும்பவும் குனிந்தார். குன்று மூக்கில் இடிப்பதுபோல எழுந்து வந்தது. சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அவரிடம் பெரிய பொறுப்பு ஒன்று வந்தது. நிலவின் தென்முனைக்கருகில் ஒரு கலத்தை இறக்கப்போகிறார்கள். இறங்கும் இடத்துக்கு உயர வரைபடம் வேண்டும். அந்த மண்ணுக்கடியில் பனிக்கட்டி இருக்கக்கூடும் என்று நம்பி, அதைத் தோண்டிப் பார்க்கும் கருவிக்காக எட்டு வருஷம் உழைத்தவர்கள் காத்திருந்தார்கள்.

மூன்று வாரத்தில் சூசைமாணிக்கம் வரைபடத்தை முடித்தார். பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். மங்கையர்க்கரசியின் விரல் மட்டும் நட்டநடுவே ஓரிடத்தில் நின்றது.

"இந்த இடம் ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு?"

"அங்க தூரத்து மலையோட நிழல் மேடம். ரெண்டு படத்துலயும் கும்மிருட்டு. ஒப்பிடறதுக்கு ஒரு கல்லுகூடக் கண்ணுக்குத் தெரியல."

"அப்புறம் உயரம் எப்படி வந்துச்சு?"

"சுத்தி நாலு பக்கமும் சமதளம். அதை வச்சு நடுவுலயும் நிரப்பிட்டேன். அந்த நிழல் மிஞ்சிப்போனா எழுபது சென்ட் நிலம் இருக்கும். மண்ணைப் பார்த்தே பொழச்சவன் மேடம் நான். அங்க சமதளம்தான்."

"இருக்கலாம்."

மங்கையர்க்கரசி வரைபடத்தை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"உங்க பேர்லதான் போகுது. நீங்களே முடிவு பண்ணுங்க."

சூசைமாணிக்கம் இரண்டு நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் தான் நிரப்பியதை அழித்தார். வரைபடத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு ஓட்டை விழுந்தது.

இறங்குமிடத்தைத் தேர்வு செய்யும் குழுவின் கூட்டத்தில் தலைவர் அதைத்தான் முதலில் கேட்டார்.

"அந்த இடத்துல என்ன இருக்கு?"

"தெரியாது சார்."

"தோராயமாச் சொல்லுங்க."

சூசைமாணிக்கம் அந்த வெள்ளை ஓட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பள்ளமாவும் இருக்கலாம், பாறையாவும் இருக்கலாம். தெரியாது சார்."

என்ன இருக்கிறதென்று தெரியாமல் கலத்தை இறக்க முடியாது என்று அந்த இடத்தையே கைவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பனிக்கட்டி இருக்க அவ்வளவாக வாய்ப்பில்லாத வேறோர் இடம் முடிவாயிற்று. தோண்டும் கருவியைச் செய்த குழுவின் தலைவர் பாதியிலேயே எழுந்து போனார். அதன்பின் கேண்டீனில் சூசைமாணிக்கத்தைக் கண்டால் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவார்.

நான்கு மாதம் போயிற்று. இனி இறங்குமிடத்தை மாற்ற வழியில்லை என்றான பிறகு, புதிய படங்கள் இரண்டு வந்தன. இப்போது வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. நிழல் விலகியிருந்தது. சூசைமாணிக்கத்தை யாரும் கேட்கவில்லை. அவராகவே உட்கார்ந்து அளந்தார்.

பள்ளம் இல்லை. பாறை இல்லை. மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம், அப்படி ஒரு சமதளம்.

தாளை எடுத்துக்கொண்டு நேராக மங்கையர்க்கரசியின் அறைக்குப் போனார்.

"பாருங்க மேடம். நான் மொதல்ல போட்டதுதான் சரி. ஒரு முழம்கூட வித்தியாசம் இல்ல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவங்க எட்டு வருஷ உழைப்பு..."

தாளை அவர் முன் நீட்டினார்.

மங்கையர்க்கரசி தாளை வாங்கி, அவசரப்படாமல், ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார்.

"ஆமா சார். சமதளம்தான்."

"அப்போ அன்னைக்கு நான் கூட்டத்துல சொன்னது தப்புதான?"

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"