கொடுக்கிற பாடம்

ஜவ்வாது மலைமேல் சாமியம்மாவின் மடத்தில் சீடர்கள் எல்லாரும் காலையில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்தார்கள். சிரிக்க வேண்டாம். அந்த மடத்தைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குப் பாய் கொடுக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், குளிருக்குப் போர்வை கொடுக்க வேண்டும். ஞானம் கொடுப்பதைச் சாமியம்மா பார்த்துக்கொள்வார். மற்றதையெல்லாம் சீடர்கள்தானே கொடுத்தாக வேண்டும்?

அதனால் பாடம் ‘கிவ்’ என்ற சொல்லில் தொடங்கி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. யார் கொடுப்பது, யாருக்கு, எதை. பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பது ஒரு நாள். பெயரை விட்டுவிட்டு ‘அதை’, ‘அவருக்கு’ என்று சொல்லிப் பழகுவது மறுநாள். சாமியம்மா துறவுக்கு முன்னால் குன்னூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. சீடர்களில் முக்கால்வாசிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாயால் சொன்னதைக் கையால் செய்ய வேண்டும். ‘கிவ் மீ யுவர் பேனா’ என்று ஒருவர் கேட்டால் பேனா அங்கேயே கைமாற வேண்டும். மாறினால் மாறினதுதான். வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கேட்கிற பேச்சே கிடையாது.

சீடர்கள் லேசுப்பட்டவர்களா? வீட்டை விட்டார்கள், வாசலை விட்டார்கள், நல்ல துண்டை விட மனம் வரவில்லை. துண்டை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுக் காலித் தீப்பெட்டியும் உடைந்த சீப்பும் மூடி தொலைந்த பேனாவுமாக வகுப்புக்கு வந்தார்கள். ஒரு பல்லிளித்த சீப்பு மடத்தில் எல்லார் கைக்கும் போய் வந்திருக்கிறது. புதிதாக ஒருவர் வந்தால், முதல் நாளே அவரைத் தனியாக அழைத்து இந்த விவரத்தைச் சொல்லி வைப்பது அறையில் கூட இருப்பவரின் பொறுப்பு. இது சாமியம்மாவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

பொன்னுரங்கம் அந்த மடத்தின் முதல் சீடர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் முன்வரிசை அவருடையது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். இலக்கணத்தில் அவரை அசைக்க முடியாது. இருந்தும் அவருக்குள் ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. பாடம் நடத்தும்போது சாமியம்மா யார் யாருக்கோ எதையெதையோ கொடுத்துக் காட்டியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் பொன்னுரங்கத்துக்கு ஒரு சாக்பீஸ் துண்டுகூடக் கொடுத்ததில்லை.

அந்தக் கார்த்திகை மாதம் சாமியம்மா, தைப்பூசத்துக்கு மேல் தான் வகுப்பெடுக்கப் போவதில்லை என்று சொன்னார். யார் எடுப்பார் என்று சொல்லவில்லை. பொன்னுரங்கத்துக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தன்னை விட்டால் யார்? ஆடிக்கொண்டிருந்த கரும்பலகையின் காலுக்கு அவரே போய் ஆணி அடித்து வைத்தார்.

ஏகாம்பரம் வந்து சேர்ந்தது அந்த வாரம்தான். போளூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மனைவி தவறிப்போன பிறகு கடையில் உட்காரப் பிடிக்காமல் மலையேறிவிட்டார். அவள் எடுத்துக் கொடுத்த நீல ஸ்வெட்டர் உடம்பில், ஒரு டார்ச் லைட் கையில், ஒரு பை தோளில்.

“பொன்னுரங்கம், இவர் உங்க ரூம்லயே இருக்கட்டும்,” என்றார் சாமியம்மா. “ஏ பி சி டி கூடத் தெரியாது. நீங்க பார்த்துக்குங்க.”

பொன்னுரங்கம் பாய் போட இடம் காட்டினார். வாளியைக் காட்டினார், குளிக்கும் இடத்தைக் காட்டினார். வகுப்பு வழக்கத்தைச் சொல்ல அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று உண்மையிலேயே நினைத்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் சாமியம்மா தன் பித்தளை டம்ளரைக் கையில் எடுத்தார். தினமும் அவர் சுக்குத் தண்ணீர் குடிக்கிற டம்ளர். “ஐ கிவ் ஹிம் மை டம்ளர்,” என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். முன்வரிசையைத் தாண்டிப் போய், கடைசியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்தின் கையில் வைத்தார். ஏகாம்பரத்துக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பொன்னுரங்கத்துக்கு வயிறு எரிந்தது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பொறாமைதான். நேற்று வந்த ஆள், ‘கிவ்’ என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள், அவனுக்கு டம்ளர். இன்று டம்ளர் என்றால் தை மாதம் என்ன? நினைக்க நினைக்கச் சாப்பாடு இறங்கவில்லை. வழக்கத்தை ஏகாம்பரத்திடம் சொல்லும் எண்ணமும் அத்தோடு போயிற்று. அறையில் அவர் ஏதாவது பாடம் கேட்டால், வகுப்பில் தானாக வந்துவிடும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மற்றவர்களோ, பொன்னுரங்கம் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

அடுத்த வகுப்பில் பொன்னுரங்கம் எழுந்து நின்று ஏகாம்பரத்தைப் பார்த்துக் கேட்டார். “கிவ் மீ யுவர் டார்ச்.”

டார்ச் வந்தது.

மலையில் பனி இறங்கிய ஒரு காலையில் ஸ்வெட்டரைக் கேட்டார். வகுப்பே நெளிந்தது. ஸ்வெட்டரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. ஏகாம்பரம் மட்டும் இதெல்லாம் பாடம்தான் என்று நம்பித் தலைவழியே கழற்றினார். கழற்றியதை ஒழுங்காக மடித்தார்.

“சரி,” என்றார் சாமியம்மா. “அதையே பேர் சொல்லாம கேளுங்க.”

“கிவ் இட் டு மீ,” என்றார் பொன்னுரங்கம். பிழையில்லாமல்தான் சொன்னார்.

ஸ்வெட்டர் அவருக்கு அளவாக இல்லை. போட்டுக்கொள்ளவும் கூசியது. அலமாரியில் வைத்தார். ஏகாம்பரம் வெறும் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தார். பிறகு போர்வை போயிற்று. பை போயிற்று. பொன்னுரங்கம் ஒவ்வொன்றையும் சரியான இங்கிலீஷில் வாங்கினார். சாமியம்மா தலையிடவில்லை, தவறு இருந்தால் திருத்தினார், அவ்வளவுதான். தவறு இருந்தால்தானே.

கடைசியில் டம்ளரைக் கேட்டார்.

அன்றைக்குத்தான் ஏகாம்பரம் தயங்கினார். டம்ளரைப் பார்த்தார், சாமியம்மாவைப் பார்த்தார். எழுந்து வந்து டம்ளரைப் பொன்னுரங்கத்திடம் நீட்டினார்.

பொன்னுரங்கம் அதைக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவித் தண்ணீர் குடித்தார். வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. பித்தளை நாற்றம் வேறு.

மறுநாள் காலை ஏகாம்பரம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எதிரே வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை.

“நான் வரேண்ணே. கீழ போற பஸ்ஸப் பிடிச்சிடறேன்.”

“ஏன்?” என்றார் பொன்னுரங்கம்.

“எனக்கு இங்கிலீஷ்ல கேக்கத் தெரியல. குடுக்கறதுக்கும் இனிமே ஒண்ணுமில்ல. வகுப்புல வந்து என்னண்ணே பண்ணுவேன்?”

ஒரு காலித் தீப்பெட்டி போதும். அந்த வார்த்தை பொன்னுரங்கத்தின் நாக்கு நுனிவரை வந்தது. எல்லாரும் அப்படித்தான் வருகிறோம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துவிடும். தைப்பூசத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

தடை நீங்கிவிட்டது. சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. பொன்னுரங்கம் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். சாமியம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். இவரும் எதிரே உட்கார்ந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இத்தனை வருஷமா இருக்கேன். அவருக்கு வந்த மறுநாளே டம்ளரைக் கொடுத்தீங்க. எனக்கு எதுவுமே கொடுத்ததில்ல.”

“டம்ளர் இப்ப உங்ககிட்டதானே இருக்கு.”

“நீங்க கொடுக்கலையே.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்தெட்டு வயதில் ஒரு டம்ளருக்கு அழுவது அவருக்கே கேவலமாக இருந்தது. சாமியம்மா அவசரப்படுத்தவில்லை. இரண்டு காயை உரித்து முறத்தில் போட்டார்.

“உங்களுக்கு என்ன வேணும்? மறைக்காம சொல்லுங்க.”

“வகுப்பு,” என்றார் பொன்னுரங்கம். “வகுப்பை எனக்குக் கொடுங்க.”

“கரும்பலகையக் கொடுக்கலாம். சாக்பீஸக் கொடுக்கலாம். வகுப்ப எப்படிக் கொடுக்கறது? அதுக்குப் படிக்கிற ஆளத்தானே கொடுக்க முடியும்?”

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

“கொடுத்தேனே,” என்றார் சாமியம்மா. “ஒரு எழுத்துகூடத் தெரியாத ஆளாப் பார்த்து உங்க ரூம்லயே கொண்டுவந்து கொடுத்தேன். எங்க அவர்?”