ஒரே தெருவுல மூணு கல்யாணம்

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சு, அந்த ஏரிக்கு நடுவுல ரோடு போட மண்ணு வந்து இறங்கிடுச்சு. மலை மாதிரி குவிச்சாச்சு. இனி வெயிலான் போய்ப் பாத்துட்டு வந்து சபையில ஒரு வார்த்தை சொல்லிட்டா வேலை ஆரம்பம்.

வெயிலான் யாருன்னா, அந்த நாட்டுல எதைக் கட்டுனாலும், எதை வெட்டுனாலும், பறவைக்கோ மிருகத்துக்கோ கெடுதல் வருமான்னு முன்னாடியே போய்ப் பாக்குற ஆள். ராஜாவோட தாத்தா போட்ட சட்டம் அது. அந்த ஏரிப் பறவைங்களை யாரும் விரட்டக் கூடாதுன்னும் அவர்தான் சொல்லிட்டுப் போனாரு.

ரோடு மந்திரியோட ஆசை. ஏரிக்கு அந்தப் பக்கம் அவருக்குச் செங்கல் சூளை, சுத்திப் போனா அரை நாள். ஊர் நல்லதுக்குன்னு ராஜாகிட்ட சொன்னதெல்லாம் சும்மா.

அந்த மந்திரி எங்க போனாலும் முன்னாடி கொம்பு ஊதணும். குளிக்கப் போனாலும் ஊதணும். அப்படி ஊதிக்கிட்டே வெயிலான் வீட்டுக்கு வந்து, "வைகாசியில போ. போனியா, பாத்தியா, வந்தியான்னு இரு. சபையில 'அங்க ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறந்தா உனக்கு வேலையும் கிடையாது, இந்த நாட்டுல வீடும் கிடையாது"ன்னாரு. உள்ள தூளியில வெயிலானோட பிள்ளை கொம்புச் சத்தத்துக்கு முழிச்சு அழுதுச்சு.

வெயிலான் போனான். ஏரி காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. ஒரு பறவை இல்லை. அட, பறவையெல்லாம் தாத்தா காலத்தோட போச்சு போல, பொய் சொல்ல வேண்டிய வேலையே இல்லையேன்னு சந்தோஷமா திரும்புனான். திரும்புனா, டமடமன்னு மேளம்.

எட்டிப் பாத்தா ஒரே தெருவுல மூணு கல்யாணம். இந்த வீட்டுல மேளம், அடுத்த வீட்டுல மேளம், அதுக்கு அடுத்த வீட்டுலயும் மேளம். எந்தக் கெட்டிமேளம் எந்தத் தாலிக்குன்னே புரியல. இவனுக்குத்தான் கேக்காம இருக்க முடியாதே.

முதல் வீட்டு மாப்பிள்ளைகிட்ட, "ஏன்யா எல்லாரும் இன்னைக்கே?"ன்னான்.

"இப்ப விட்டா மேளம் அடிக்க முடியாதுண்ணே."

அப்புறம் ரெண்டாவது வீட்டுப் பொண்ணோட அப்பாகிட்ட, "ஏன் முடியாது?"ன்னான்.

"ஐப்பசியில அதுங்க வந்துரும்ல."

அப்புறம் மூணாவது வீட்டுல சாம்பார் கிண்டிக்கிட்டு இருந்த பேச்சியக்காகிட்ட, "எதுங்க வந்துரும்?"ன்னான்.

அவ அவனை ஏற இறங்கப் பாத்தா. "நீதான் ஏரியப் பாக்க வந்த ஆளா? நல்லாப் பாத்த போ. அந்த மரமெல்லாம் வெள்ளையா நிக்குதே, நாங்களா சுண்ணாம்பு அடிச்சோம்? எச்சம். கூழைக்கடாவும் நாரையும் மழையோட வந்து, பங்குனி வரைக்கும் குஞ்சு வளக்கும். சத்தம் கேட்டா முட்டையை விட்டுட்டுப் பறந்துரும். அதான் மேளக் கல்யாணமெல்லாம் வைகாசியில. என் கல்யாணம் தையில, அவசரம். மேளமே இல்லை. தாலி கட்டுனது பின்னாடி நின்ன என் தங்கச்சிக்கே தெரியாது."

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுதா?"

"கொழுப்பைப் பாரு."

"சரிக்கா, ரோடு வந்தா?"

"தையிலயும் மேளம் அடிக்கலாம். யாருக்கு வேணும்?"

அப்புறம் சபை கூடுச்சு. ராஜா நல்லவருதான், ஆனா எதையும் நேர்ல போய்ப் பாக்குற பழக்கம் கிடையாது. "பறவை பாத்தியா?"ன்னாரு.

"இல்லை ராஜா."

"முட்டை?"

"இல்லை."

"குஞ்சு?"

"இல்லை."

மந்திரி மீசையைத் தடவிக்கிட்டாரு.

"அப்ப என்னதான்டா பாத்த?"

வேலை, வீடு, தூளியில கிடக்குற பிள்ளை, எல்லாம் வெயிலான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"மூணு கல்யாணம் பாத்தேன் ராஜா"ன்னான்.

சபையே சிரிச்சுது. சிரிச்சு முடிக்கட்டும்னு நின்னு, அப்புறம் எல்லாத்தையும் சொன்னான். "பறவை இல்லாத மாசத்துல போனா பறவை எப்படி ராஜா இருக்கும்? மேளம்தான் இருக்கும்."

"அந்த மாசத்துல உன்னை யாரு போகச் சொன்னது?"

வெயிலான் மந்திரியைத் திரும்பிப் பாத்தான். ராஜாவும் பாத்தாரு.

அப்புறம் என்ன? ரோடு கிடையாதுன்னு ஆச்சு. கொட்டுன மண்ணையெல்லாம் மந்திரி சுத்து வழியிலயே தன் சூளைக்குச் சுமக்கணும். ஐப்பசியில அந்த ஊருக்குப் போய், பறவை வந்து குஞ்சோட பறக்குற வரைக்கும் அங்கயே இருந்து பாத்துட்டு வரணும். கொம்பு கூடாது.

தண்ணி கேட்டுக் கத்த வாயைத் திறந்தா ஊரே "ஸ்ஸ்ஸ்"ங்கும். தும்மல் வந்தா துண்டை வாயில அடைச்சுக்கணும். சிரிக்காதீங்க, மூக்கு செவந்து கிடந்துச்சாம். பங்குனியில அரண்மனைக்கு வந்தப்ப அவர் பேசுறது பக்கத்துல உக்காந்தவனுக்கே கேக்கல.

ஏரி ஏரியா இருக்கு, பறவை வருது, கதை முடிஞ்சிருச்சு. வெயிலானை என்ன சொல்லச் சொன்னாங்க? அங்க ஒண்ணும் இல்லைன்னு. அவன் சொல்லல.